லிங்கராஜின் பையில் கிடந்த தாள்

சண்முகத்தாய் தன் கூடப்பிறந்த அண்ணன் லிங்கராஜுக்குத் தரவேண்டியிருந்தது நாற்பத்தோராயிரத்து முந்நூற்றைம்பது ரூபாய். மகள் பொன்செல்வியைக் கல்லூரியில் சேர்த்து விடுதியில் விட்டபோது வாங்கியது. உப்பு வாரும் பெண்களுக்கு முன்பணம் கொடுப்பது தூத்துக்குடி உப்பளங்களில் வழக்கம். பணம் அளத்து முதலாளியுடையது. அதைக் கொடுப்பதும் கூலியில் பிடிப்பதும் கங்காணி. வாங்கியவள் பாதியில் நின்றுவிட்டால் முதலாளி கங்காணியின் சட்டையைத்தான் பிடிப்பார். அந்த அளத்துக்கு லிங்கராஜ்தான் கங்காணி. பதினோரு பெண்கள் அவன் கீழே வேலை பார்த்தார்கள். தங்கச்சியின் கூலியில் நாளைக்கு நூற்றைம்பது பிடித்துக்கொள்வது என்று பேச்சு.

மார்ச் ஐந்தாம் தேதி. வெயில் ஏறுவதற்குள் பாதி வேலையை முடித்துவிட வேண்டும் என்று பெண்கள் விடியும்போதே பாத்தியில் இறங்கியிருந்தார்கள். சேலைக்கு மேலே ஆண்பிள்ளைச் சட்டை, தலையில் துண்டு. எட்ட நின்று பார்த்தால் யார் யார் என்று அடையாளம் தெரியாது. நீளக் கம்பு செருகிய பலகையைப் பாத்தியின் அடியில் பதித்துத் தன் பக்கமாக இழுத்தால் உப்பு வரப்போரம் வந்து சேரும். இழுக்கிற இழுப்பில் கம்பின் நுனி மார்பில் வந்து இடிக்கும். பத்து வருஷம் உப்பு வாரியவளுக்கு உள்ளங்கையில் காய்ப்பும் காலில் வெடிப்பும் மார்பில் கன்றிய இடமும் இருக்கத்தான் செய்யும். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

பக்கத்துப் பாத்தியில் நின்ற ஞானபாய் கேட்டாள்.

"என்ன தாயி, அங்கனயே தடவிக்கிட்டு நிக்க?"

"கம்பு இடிச்ச இடத்துல ஒரு உருண்ட நிக்கி. நெல்லிக்கா மாதிரி."

"எனக்கும் போன வருஷம் நின்னுச்சு. வெந்நி ஒத்தடம் குடுத்தேன், கரைஞ்சிட்டு."

"இது வலிக்க மாட்டேங்குக்கா."

"வலிக்கலன்னா சந்தோசப்படு. இந்த அளத்துல வலிக்காத எடம் ஒனக்கு ஒண்ணாவது இருக்கே."

நாலு பாத்திக்கும் கேட்கும்படி பெண்கள் சிரித்தார்கள். சண்முகத்தாயும் சிரித்தாள். வலிக்காத கட்டிக்குத்தான் முதலில் ஓட வேண்டும் என்று அங்கே ஒருத்திக்கும் தெரியாது.

அன்றைக்கே அளத்துக் கொட்டகைக்கு மருத்துவ முகாம் வந்தது. பெரியாஸ்பத்திரியிலிருந்து ஒரு டாக்டரம்மாவும் நர்சும், ஸ்கேன் எடுக்கும் பெட்டியோடு ஒரு வேனும். கண், சர்க்கரை, ரத்த அழுத்தம், மார்பு என்று எல்லாம் பார்த்தார்கள். சண்முகத்தாயின் முறை வந்ததும் டாக்டரம்மா கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொண்டாள். அக்குளிலும் விரலை வைத்து அழுத்திப் பார்த்தாள். ஸ்கேன் எடுத்தாள். ஒரு தாளில் எழுதி, அதன் கீழே ஊதா மையில் ஒரு முத்திரை குத்திக் கொடுத்தாள்.

"கட்டாயம் வரணும், என்ன? தள்ளிப் போடாதீங்க. போன் நம்பர் சொல்லுங்க."

"என் போன் உப்புத்தண்ணில விழுந்து செத்துப்போச்சு டாக்டரம்மா. எங்க அண்ணன் நம்பர் இருக்கு."

எல்லாப் பெண்களும் அந்த நம்பரைத்தான் கொடுத்தார்கள். தாள்களும் அவனிடம்தான் இருக்கும். உப்புக்காற்றில் வீட்டில் தாள் நிற்காது, ஒரு வருஷத்தில் ஊறிக் கிழிந்துவிடும். அதனால் ஆதார் நகல், நலவாரிய அட்டை, ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாவற்றையும் லிங்கராஜ் பிளாஸ்டிக் உறைகளில் போட்டு ஒரு மஞ்சள் பையில் வைத்திருந்தான். யாருக்கு எந்தத் தாள் வேண்டுமென்றாலும் பை திறக்கும். அந்தப் பையைப் பற்றிப் பெண்களுக்குப் பெருமைகூட உண்டு.

சண்முகத்தாய்க்கு எழுத்து அறவே தெரியாது என்றில்லை. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் நடந்த பெரியவர்கள் வகுப்புக்கு முந்தின வருஷம் போயிருந்தாள். பஸ் பலகை படிப்பாள். தன் பெயரை எழுதுவாள். தாளில் இருந்த இங்கிலீஷ் கிறுக்கலை விட்டுவிட்டு, ஊதா மையில் இருந்த தமிழைக் கூட்டிப் பார்த்தாள். "ஒ... ரு... வா... ர..."

லிங்கராஜ் கையை நீட்டினான்.

"குடு ஏளா. நீ கூட்டி முடிக்கதுக்குள்ள பருவமே முடிஞ்சிரும்."

பெண்கள் மறுபடி சிரித்தார்கள். பாடப்புத்தகத்தை ஒளிக்கிற சின்னப்பிள்ளை மாதிரி வெட்கப்பட்டு, அவள் தாளைக் கொடுத்துவிட்டாள்.

லிங்கராஜ் பத்தாவது வரை படித்தவன். ஒரு பார்வையில் படித்துவிட்டான். ஒரு வாரத்திற்குள் பெரியாஸ்பத்திரிப் புற்றுநோய்ப் பிரிவுக்கு வரவும் என்று இருந்தது. அவன் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. தாளை மடித்து உறையில் போட்டான்.

"என்னண்ணே போட்டிருக்கு?"

"கொழுப்புக் கட்டியாம். ஒண்ணுஞ் செய்யாதாம். மழைக்கு அளம் நிக்கும்போது போயிப் பாத்துக்கிடலாம்."

"டாக்டரம்மா கட்டாயம் வரணும்னாவளே."

"அவ்வொ எல்லாத்தையும் அப்படித்தான் சொல்லுவாவ. பயங்காட்டலன்னா நீங்க போவியளா?"

அது நியாயமாகத்தான் பட்டது. சண்முகத்தாய் பலகையை எடுத்துக்கொண்டு பாத்திக்குப் போனாள்.

அண்ணன் சொல்லை அவள் சந்தேகப்படக் காரணம் இல்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் அவள் புருஷன் போனபோது காரியம் செய்தவன் அவன். பொன்செல்விக்குக் காது குத்தும்போது மடியில் வைத்துக்கொண்ட தாய்மாமன் அவன். தீபாவளிக்குச் சேலை வரும், பொங்கலுக்குக் கரும்பு வரும். உலகத்தில் ஒருத்தன் தனக்குக் கெடுதல் செய்யமாட்டான் என்று அவள் கை அடித்துச் சொல்லியிருப்பாள் என்றால் அது லிங்கராஜைப் பற்றித்தான்.

சித்திரை போனது, வைகாசி போனது. நல்ல காற்று, நல்ல வெயில், அந்த வருஷம் உப்பு கொட்டியது. நாள் தவறாமல் கூலி, நாள் தவறாமல் நூற்றைம்பது. நெல்லிக்காய் எலுமிச்சங்காய் ஆனது. கேட்டபோதெல்லாம் லிங்கராஜ் ஒரே பதிலைச் சொன்னான். "கொழுப்பு வளரத்தான் செய்யும். நீ சோறு திங்கல்ல?" ஆவணியில் கூடையைத் தலைக்குத் தூக்கும்போது அக்குளில் ஏதோ உருள்வது மாதிரி இருந்தது. அதையும் சொன்னாள். "இன்னும் ஒரு மாசம் பல்லக் கடிச்சுக்கோ தாயி" என்றான் அவன்.

அக்டோபர் நடுவில் மழை இறங்கியது. பாத்தி கரைந்தது. உப்பு அம்பாரங்களைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள். நூற்றுத் தொண்ணூறு நாள் கூலியில் இருபத்தெட்டாயிரத்து ஐந்நூறு பிடித்தது போக, சண்முகத்தாயின் கணக்கில் மீதி பன்னீராயிரத்து எண்ணூற்றைம்பது நின்றது.

தார்ப்பாய் போட்ட அன்றைக்குத்தான் அந்தப் பருவத்தின் கடைசி வேலை. தொட்டியடியில் உடம்பிலுள்ள உப்பைக் கழுவும்போது ஞானபாய் தற்செயலாகத் திரும்பிப் பார்த்தாள். சண்முகத்தாயின் இடது மார்பில் ஒரு இடத்தில் தோல் உள்ளே இழுத்துக் குழி விழுந்திருந்தது. ஞானபாய் கையிலிருந்த செம்பைக் கீழே வைத்தாள்.

"இது கம்பு இடிச்சதில்ல தாயி. நாளைக்கி நான் கூட வாரேன், கெளம்பு."

ஆஸ்பத்திரியில் டாக்டர் பெனிஷா, முகாமுக்கு வந்த அதே டாக்டரம்மா, அவளைப் பார்த்தவுடனே ஸ்கேனுக்கும், ஊசி போட்டுச் சதை எடுக்கும் சோதனைக்கும் அனுப்பினாள். பத்துப் பன்னிரண்டு நாள் அங்கேயும் இங்கேயுமாக அலைந்தார்கள். எல்லாத் தாளும் வந்து சேர்ந்த அன்றைக்கு நவம்பர் ஐந்து. சண்முகத்தாயையும் ஞானபாயையும் டாக்டர் உட்கார வைத்தாள். டாக்டர் நாசரேத்துக்காரி, வாத்தியார் வீட்டுப் பிள்ளை. பேச்சில் சுற்றி வளைப்பு கிடையாது.

"புத்துநோய்தாம்மா. மூணாவது ஸ்டேஜ்."

"ஸ்டேஜ்னா?"

"மூணு விசயம் பாப்போம். கட்டி எவ்வளவு பெருசு. கக்கத்து நெறிக்குப் போயிட்டா. நுரையீரல், ஈரல், எலும்புன்னு தூரமா எங்கயும் போயி உக்காந்திருக்கா. மூணையும் சேத்து வச்சுத்தான் எந்தக் கட்டம்னு சொல்லுவோம். ஒங்களுக்குக் கட்டி அஞ்சரை சென்டிமீட்டர். நெறிக்கு வந்துட்டு. தூரமாப் போகல. அது நல்ல சேதி."

சண்முகத்தாய்க்குத் தெரிந்த ஒரே பாடம் அளம்தான். அதைக் கொண்டு கேட்டாள்.

"அப்போ, ஒரு பாத்தியில கெடந்த தண்ணி வரப்ப ஒடைச்சு ஓடைக்கு வந்துட்டு. இன்னும் கடலுக்குப் போகல. அப்படியா டாக்டரம்மா?"

"அதேதான். எனக்கே இவ்வளவு தெளிவாச் சொல்ல வராது."

"நான் பொழைப்பனா?"

"இந்தக் கட்டத்துல வார நூறு பேரு வைத்தியத்த முழுசா முடிச்சா, அஞ்சு வருசம் கழிச்சு அறுபது, அறுபத்தஞ்சு பேரு நடமாடிக்கிட்டு இருப்பாங்க. இது கூட்டத்துக்குச் சொல்லுத கணக்கு. நீங்க அந்த அறுபத்தஞ்சுலயா மீதியிலயான்னு இந்தத் தாள் சொல்லாது. கட்டியோட குணம்னு வேற சோதனை இருக்கு, மருந்துக்கு அது எப்படிப் படியுதுன்னு பாக்கணும். ஆனா எந்த வழியில போகணும்னு முடிவெடுக்க எங்களுக்கு இந்தக் கட்டந்தான் முதல் கைகாட்டி. மொதல்ல மருந்து ஏத்திக் கட்டியச் சுருக்குவோம், பெறகு ஆபரேசன், பெறகு கரண்ட், அதாவது கதிர் வைக்கது. காப்பீட்டு அட்டையில எல்லாம் ஓடிரும்."

பிறகு டாக்டர் முகாம் பதிவேட்டை எடுத்தாள். பக்கத்தைத் திருப்பியவள் அப்படியே நின்றாள்.

"மார்ச் அஞ்சாம் தேதி நீங்க முகாமுல காட்டியிருக்கீங்க. ரெண்டு சென்டிமீட்டர். நெறி கட்டல. ஒரு வாரத்துல வரச்சொல்லி நாந்தான் எழுதியிருக்கேன். ஏம்மா வரல?"

"கொழுப்புக் கட்டின்னு போட்டிருந்ததா எங்க அண்ணன்..."

"அப்படி எழுதவே இல்லையே. வரலன்னு மூணு தடவ போன் வேற பண்ணியிருக்காங்க. இங்க இருக்கு பாருங்க. லிங்கராஜ்னு ஒருத்தர் எடுத்திருக்கார். 'மதுரையில பாத்துக்கிட்டோம், எல்லாம் சரியாயிட்டு, இனி கூப்பிடாதீங்க'ன்னு சொல்லியிருக்கார்."

ஞானபாய் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். சண்முகத்தாய் கையை நீட்டினாள். பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, இங்கிலீஷுக்கு நடுவே தமிழில் எழுதியிருந்த அந்த ஒரு பெயரைக் கூட்டிப் படித்தாள். லி, ங், க, ரா, ஜ்.

"மார்ச்சுல வந்திருந்தா என்ன கட்டம்?"

"இப்ப அதக் கேட்டு என்ன செய்யப் போறீங்க?"

"கேக்கேன். எனக்குத் தெரியணும்."

டாக்டர் பதிவேட்டை மறுபடி பார்த்தாள். "முழுச் சோதனை பண்ணாம அடிச்சுச் சொல்ல முடியாது. எழுதியிருக்கதப் பாத்தா மொதல் கட்டம். நூறு பேருல தொண்ணூறு பேராவது இருந்திருப்பாங்க."

தொண்ணூறு. அறுபத்தைந்து. நடுவில் இருபத்தைந்து பேர். அவர்கள் அளத்தில் பதினோரு பெண்கள். பக்கத்து அளத்தையும் கூட்டி நிறுத்தினால் இருபத்தைந்து வரும். அத்தனை பேரும் சட்டையும் தலைத்துண்டுமாக வரப்பில் வரிசையாக நிற்பது போலவும், யாரோ ஒருத்தன் வந்து எல்லோரையும் போகச் சொல்வது போலவும் சண்முகத்தாய்க்குத் தோன்றியது. அதுவரை அவளுக்கு வந்தது பயம் மட்டும்தான். அப்போதுதான் கோபம் வந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து நேரே அண்ணன் வீட்டுக்குப் போனாள். ஞானபாய் தெருமுனையில் நின்றுகொண்டாள். லிங்கராஜ் வாசலில் குத்துக்கால் வைத்து உட்கார்ந்து மோட்டார் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான்.

"வா தாயி. காப்பி குடிக்கியா?"

"மதுரையில எந்த ஆஸ்பத்திரிண்ணே?"

எண்ணெய்க் குப்பி அவன் கையில் நின்றது. அவன் நிமிரவில்லை.

"எவ சொன்னா ஒனக்கு?"

"தாள் சொல்லுச்சு. மூணு தடவ போன் வந்திருக்கு. மூணு தடவையும் நான் ஒனக்குப் பத்தடி தூரத்துல உப்பு வாரிக்கிட்டு நின்னிருக்கேன். ஒரு சத்தம் குடுத்திருக்கலாம்லா?"

லிங்கராஜ் குப்பியைக் கீழே வைத்தான். பிறகு செயினைப் பார்த்தபடியே சொன்னான்.

"அம்மை எப்படிப் போனான்னு மறந்துட்டியா? இதே நோவுதான். ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா நாந்தான தூக்கிட்டு அலைஞ்சேன். ஆறு மாசத்துல எலும்பாக் கொண்டுவந்து போட்டானுவ. புத்துநோய்னு வந்துட்டா முடிஞ்சுதுளா. முன்னால போனா என்ன, பின்னால போனா என்ன? சொன்னா நீ பயந்தே செத்திருப்ப. இருக்க வரைக்கும் நிம்மதியா இருக்கட்டுமேன்னு நெனச்சேன்."

அவன் சொன்னது பொய் இல்லை. அம்மையைத் தூக்கிக்கொண்டு அலைந்ததிலிருந்து அவனுக்கு ஆஸ்பத்திரி வாசலே ஆகாது. ஆனால் அது முழு உண்மையும் இல்லை. அந்த மார்ச் மாதம் முதலாளி அவனைக் கூப்பிட்டு, இந்த வருஷம் ஒருத்தி முன்பணம் நின்றாலும் உன் கமிஷனில் கை வைப்பேன் என்று சொல்லியிருந்தார். இரண்டு நினைப்பும் அவனுக்குள் ஒன்றாகக் கலந்து கிடந்தன. எது எதற்குச் சாக்கு என்று அவனுக்கே பிரித்துச் சொல்லத் தெரியாது.

"நான் நிம்மதியா இருக்கணும்னு நெனச்ச," என்றாள் சண்முகத்தாய். "நாளைக்கு நூத்தம்பது பிடிச்சியே, அதுவும் என் நிம்மதிக்கா?"

அவன் செயினைத் துடைக்கத் தொடங்கினான்.

"அம்மைய நாலாவது கட்டத்துல கொண்டு போனோம். எலும்புக்குப் போன பெறகு. நான் ஒண்ணாவதுல நின்னேன். ஒனக்கு ரெண்டும் ஒண்ணாத் தெரிஞ்சிட்டு. தெரியலன்னா தாளக் குடுத்திருக்கலாம்லாண்ணே. அந்த டாக்டர் பிள்ளைக்குத் தெரிஞ்சிருக்குமே."

"கடனத் தள்ளிருதேன் தாயி. மீதி ஒரு பைசா வேண்டாம்."

அவள் திரும்பி நடந்தாள். தெருமுனையில் ஞானபாய் தோளில் சாய்ந்து நின்றாள், ஒரு பஸ் போகும் நேரம். அழவில்லை. "எம்மேல ஒரு கல்ல எறிஞ்சிருந்தாக்கூட தாங்கியிருப்பேன்க்கா" என்றாள். "படிச்சுச் சொல்லுன்னுதான குடுத்தேன்."

மருந்து ஏற்றினார்கள். மூன்று வாரத்துக்கு ஒரு தடவை. வாந்தி, வாய்ப்புண், கை கால் ஓய்ச்சல். இரண்டாவது தடவைக்குள் முடி கொத்துக்கொத்தாகக் கழன்று வந்தது. பொன்செல்வி விடுதியிலிருந்து வாராவாரம் வந்தாள். அம்மைக்கும் ஆச்சிக்கும் இருந்ததால் நீயும் காலாகாலத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் அவளிடம் தனியாகச் சொன்னாள். மாமன் வீட்டுத் தெருவழியே போவதை அந்தப் பிள்ளை விட்டுவிட்டது. மார்கழியில் லிங்கராஜ் ஒரு பை நிறையப் பழம் வாங்கி வந்து வாசலில் நின்றான். ஞானபாய்தான் கதவைத் திறந்தாள். "தூங்குதா" என்றாள். உள்ளே சண்முகத்தாய் விழித்துத்தான் கிடந்தாள். நாலாவது தடவை மருந்துக்குப் பிறகு கட்டி மூன்று சென்டிமீட்டருக்குச் சுருங்கியிருந்தது. "படியுது" என்றாள் டாக்டர். "இன்னும் நாலு இருக்கு. பெறகுதான் ஆபரேசன். இப்பவே ஒண்ணும் சொல்ல மாட்டேன், ஆனா படியுது."

தை பாதியில் புதுப் பருவத்துக்கு முன்பணம் கொடுக்கும் நாள் வந்தது. கொட்டகையில் ஜமுக்காளம் விரித்து, தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து, லிங்கராஜ் நோட்டோடு உட்கார்ந்திருந்தான். மஞ்சள் பை பக்கத்தில் இருந்தது. பெண்கள் ஒவ்வொருத்தியாக வெற்றிலையையும் பணத்தையும் வாங்கிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். சண்முகத்தாய் உள்ளே வந்தாள். சேலைக்கு மேலே சட்டை, தலையில் துண்டு, எப்போதும் போல. துண்டுக்குக் கீழே முடி இல்லை என்பது அவள் உட்கார்ந்து வியர்வையைத் துடைத்தபோதுதான் மற்றவர்களுக்குத் தெரிந்தது.

லிங்கராஜ் தொண்டையைச் செருமிக்கொண்டான். எல்லோரும் கேட்கும்படி பேசினான்.

"எல்லாவளும் பாத்துக்கோங்க. என் தங்கச்சிக்கு ஒடம்பு சரியில்ல. அவ கணக்குல பன்னீராயிரத்து எண்ணூத்தி அம்பது நிக்கி. அத நான் என் கமிசன்லருந்து கட்டிட்டேன். இன்னையோட அவ கடன் இல்ல."

பெண்கள் முகத்தில் ஒரு மெச்சுதல் வந்தது. "அண்ணாச்சி மாதிரி யாரு செய்வா" என்று ஒருத்தி முணுமுணுத்தாள். லிங்கராஜ் பேனாவை எடுத்தான்.

"அடி," என்றாள் சண்முகத்தாய். "வேண்டாம்னு சொல்ல மாட்டேன். ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸுக்கே எனக்குத் திண்டாட்டம். நல்லா அழுத்தி அடி."

அவன் கணக்கின் குறுக்கே கோடு இழுத்தான்.

"அடிச்சிட்டியா? சரி. என் தாளக் குடு."

"எந்தத் தாளு?"

"மார்ச்சு மாசத் தாளு."

மஞ்சள் பையைத் திறப்பதைத் தவிர அவனுக்கு வேறு வழி இல்லை. பிளாஸ்டிக் உறையில் அந்தத் தாள் கசங்காமல் இருந்தது. ஊதா மை கொஞ்சம்கூட மங்கவில்லை. அவன் அதைப் பத்திரமாகத்தான் வைத்திருந்தான். சண்முகத்தாய் தாளை முகத்துக்கு நேரே பிடித்துக் கூட்டத் தொடங்கினாள்.

"ஒ... ரு... ஒரு. வா... ர... த்... தி... ற்... கு... ள்."

துறைமுகத்துப் பக்கம் ஒரு கப்பல் ஊதி ஓய்ந்தது. லிங்கராஜ் கையை நீட்டவில்லை. அவள் படித்து முடிக்கும்வரை அவன் உட்கார்ந்திருக்க வேண்டியிருந்தது. 'புற்றுநோய்' என்ற எழுத்தில் இரண்டு தடவை தடுக்கி, மூன்றாவது தடவை சரியாகச் சொன்னாள். கடைசியாக, 'வரவும்'.

"இத அண்ணன் ஒரு மூச்சுல படிச்சிட்டான். படிச்சிட்டுக் கொழுப்புக் கட்டின்னான். பருவம் முடிய என்னைய உப்பு வார வச்சான், எட்டு மாசம் கழிச்சுத்தான் எனக்கு விசயந் தெரிஞ்சுது. அன்னைக்கிப் போயிருந்தா மொதல் கட்டம், நூத்துக்குத் தொண்ணூறு பேரு பொழைப்பாவ. இப்ப நான் நிக்கது மூணாவது கட்டம், அறுபத்தஞ்சு. அன்னைக்கி எனக்கு இதப் படிக்க அஞ்சு நிமிசம் ஆகியிருக்கும். நீங்க சிரிச்சிய, நான் வெக்கப்பட்டுட்டேன்."

பெண்களைப் பார்த்துச் சொன்னாள். யாரையும் திட்டுகிற குரல் இல்லை.

"புத்துநோய்னா எல்லாம் ஒண்ணுதான்னு நெனைக்காதீங்க. அதுக்குப் படி இருக்கு. மொதப் படியில பிடிச்சா இழுத்துப் போட்டுரலாம். ஒவ்வொரு படி ஏறவும் நூறு பேருல இன்னுங் கொஞ்சப் பேர அது பிடிச்சுக்கிடும். வலிக்காத கட்டி வந்தா அந்த வாரமே போங்க. தாள அடுத்தவன் படிச்சாலும், அவன் அண்ணனே ஆனாலும், நீங்களும் ஒரு தடவ கூட்டிப் பாருங்க. தெரியலன்னா எழுதுன டாக்டர்கிட்டயே போயிக் கேளுங்க. நம்ம ஒடம்பப் பத்தி எழுதுனது நம்ம கையில இருக்கணும்."

லிங்கராஜ் நோட்டைப் பார்த்தபடி இருந்தான். பின்வரிசையிலிருந்து விஜிலா எழுந்தாள். இருபத்தெட்டு வயதுக்காரி, இரண்டு பிள்ளைக்காரி.

"அண்ணாச்சி," என்றாள். "அன்னைக்கி முகாமுல எனக்கும் ஒரு தாளு குடுத்தாவ. கண்ணுக்குத்தான்னு சொன்னிய. அத எடுங்க பாப்போம்."

அவள் பின்னால் இன்னொருத்தி எழுந்தாள். பிறகு இன்னொருத்தி. லிங்கராஜ் பையைத் தலைகீழாகக் கவிழ்த்தான். ஜமுக்காளத்தில் தாள்கள் விழுந்தன, எல்லாம் உறை போட்டு, எல்லாம் சுத்தமாக. பெண்கள் குனிந்து தங்கள் பெயரைத் தேடினார்கள். விஜிலா தன் தாளைக் கண்டுபிடித்து, வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

சண்முகத்தாய் தன் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தாள். லிங்கராஜ் முதல் தடவையாக அவளை நிமிர்ந்து பார்த்தான்.

"கடன் தீந்துட்டுல்லா தாயி?"

"நான் ஒனக்குத் தரவேண்டியது தீந்துட்டு," என்றாள் அவள். "நீ எனக்குத் தரவேண்டியது எட்டு மாசம். அத அடிக்க ஒன் நோட்டுல எடம் இல்ல."